கைக்கடிகாரம் நின்றது தொடர்பாக

நான் ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம் என் கைக்கடிகாரம் நிற்க ஆரம்பித்தது.

முப்பத்துநான்கு வருஷம் கோட்டையில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும், எத்தனை நாள் அங்கே படுத்திருக்கும், யார் தட்டி எழுப்பினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் தினமும் காலையில் எழுந்து பார்க்கும்போது முட்கள் மூன்றே முக்காலிலோ நாலு பத்திலோ செத்துக் கிடப்பதற்கு மட்டும் எந்த விதியிலும் விளக்கம் இல்லை.

அது ஜப்பான் ஆட்டோமேட்டிக். எழுபதுகளில் பர்மா பஜாரில் வாங்கியது. சுங்கவரி கட்டிய சரக்கா என்று அரசு ஊழியனான நானும் கேட்கவில்லை, விற்றவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது கௌரவமாக இருந்தது. அந்த ரகத்துக்கு சாவி கொடுக்க வேண்டியதில்லை; கொடுக்கவும் முடியாது. திருகாணியைத் திருப்பினால் முள்தான் நகரும். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று இருக்கிறது. கை அசையும்போது அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் கையில் இருந்தால் கழற்றி வைத்த பிறகும் ஒன்றரை நாள் தாங்கும் என்று வாங்கும்போது சொன்னார்கள். இருபது வருஷம் தாங்கவும் தாங்கியது.

அதை நான் பராமரித்த அளவுக்கு எங்கள் இலாகா எந்தக் கட்டடத்தையும் பராமரித்ததில்லை. இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையில் தேதியை மாற்றக்கூடாது. அந்த நேரத்தில் பல்சக்கரங்கள் தாமாகவே தேதியைத் தள்ளிக்கொண்டிருக்கும், நாம் குறுக்கே போனால் பல் உடையும். குளிக்கும்போது கழற்ற வேண்டும். வேர்வை பட்ட ஸ்டீல் பட்டையைப் பழைய பல் துலக்கியால் வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும். ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் நேர ஒலியோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்தியது, எத்தனை வினாடி பிந்தியது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் மனைவி அதை உங்க ராமாயணம் என்பாள். அவள் எதற்கும் பெயர் வைப்பதில் கெட்டிக்காரி.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து ஐந்து நிமிட நடை. குளத்துக்குத் தெற்கே கோயிலுக்குச் சொந்தமான கடை வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடை இருந்தது. நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கடை வாசலில், மூன்றடி அகலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு கடிகார ரிப்பேர்க்காரன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். நொச்சிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவான். பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு போகிற வருகிற எல்லோரோடும் வாயாடுவான். கை சுத்தம், வாய் அப்படியில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என் கடிகாரத்தைத் திறந்து துடைத்து எண்ணெய் போட்டது அவன்தான்.

அவனிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தான். மறுநாள் காலை நின்றிருந்தது. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை ஒரு வாரம் வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டான். வாரம் கழித்துப் போனபோது அவன் கையிலேயே கட்டியிருந்தான். பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், ஏழு நாளா கட்டிக்கினு கீறேன். ஒரு நிமிசம் நிக்கல. குதிர மாதிரி ஓடுது."

"என் கையில நிக்கறதே."

"அதான் கேக்கறேன். நீங்க இன்னா பண்றீங்க நாளு பூரா?"

"ரிடையர் ஆயிட்டேன்."

"அப்டி சொல்லுங்க!" என்று பூதக்கண்ணாடியை நெற்றியில் தள்ளினான். "முன்னாடி பஸ்ல கம்பிய புடிச்சிக்கினு தொங்கிக்கினே போவீங்க, ஃபைல பொரட்டுவீங்க, கை ஆடிக்கினே இருக்கும். இப்போ ஈஸி சேர்ல குந்திக்கினு பேப்பர் படிச்சா எங்க சார் சாவி ஏறும்? வாட்ச்சு நிக்கல சார். நீங்கதான் நின்னுட்டீங்க."

கடைக்குள்ளிருந்து நோட்டுக் கடைக்காரர் சிரித்தார். பேனாவுக்கு நிப் மாற்ற வந்திருந்த ஒரு அம்மாள், பள்ளிக்கூட டீச்சராக இருக்க வேண்டும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கோச்சிக்காதீங்க சார். டெய்லி கொளத்த நாலு ரவுண்டு வாங்க. இல்லாங்காட்டி ஊட்ல அம்மாவுக்கு மாவாட்டிக் குடுங்க. வாட்ச்சும் ஓடும், இட்லியும் கெடைக்கும்."

எவ்வளவு என்று கேட்டேன். வேலையே செய்யலையே, காசு எதுக்கு என்று கையை ஆட்டிவிட்டான்.

அவன் சொன்னது சரி என்பது வீட்டுக்கு நடந்து வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. இதை இப்போது எழுதுவது சுலபம். அன்று அதைத் தெரிந்துகொள்ளாமலிருக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன மாதம் வரை என் மேசைக்கு முன்னால் நின்று பேசியவர்கள் இருந்தார்கள். உட்காரச் சொல்லாமல் உட்கார்ந்தவன் கிடையாது. இப்போது மூன்றடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன், நின்றுகொண்டிருக்கிற என்னைப் பார்த்து, நீங்கள் நின்றுவிட்டீர்கள் என்கிறான். அதற்கு ஒரு டீச்சர் சாட்சி வேறு.

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: ஒரு வாரம் வைத்திருந்ததில் அவன் உள்ளே இருந்த நல்ல சாமானை உருவிவிட்டு மட்டமானதைப் போட்டுவிட்டான். கடிகாரம் அதற்கு முன்பே நின்றுகொண்டிருந்தது என்பது இந்த முடிவுக்கு இடைஞ்சலாக இருந்தது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மயிலாப்பூரில் யாரிடம் சொன்னாலும் நம்பினார்கள். கடிகாரம், தையல் மெஷின், சமையல்காரர் கொண்டுபோகிற பாத்திரம் மூன்றிலும் திருட்டுப் புகாருக்கு நம் ஊரில் சாட்சியே தேவையில்லை.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்று பார்த்தேன். போக முடியாது. காசு கொடுத்திருந்தால்தான் நான் நுகர்வோர். அவன் காசு வாங்க மறுத்ததால் சட்டத்தின் கண்ணில் நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன். ரசீது கிடையாது. அவனுடைய தாராளம் என் கையைக் கட்டிப்போட்டிருந்தது. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது.

கோப்பு ஒரு வாசலில் நகரவில்லை என்றால் அடுத்த வாசலைத் தட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அந்தக் கடை கோயில் சொத்து. கோயில் கடையை ஏலத்தில் எடுத்தவர் வேறு யாருக்கும், ஒரு பகுதியைக்கூட, உள்வாடகைக்கு விடக்கூடாது. விட்டால் உரிமம் ரத்து. மயிலாப்பூரில் பாதிக் கடைகள் அந்த நிபந்தனையை மீறித்தான் நடந்தன. அது எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கும் தெரியும். யாராவது எழுதிக் கொடுக்கிற வரையில் தெரிந்தது தெரிந்ததாக ஆகாது, அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்தேன். கோயில் நிர்வாக அதிகாரிக்கு, நகல் அவருக்கு மேலே இருப்பவருக்கு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன். கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுவில் சொந்தக் காரணம் தெரிந்தால் மனு செத்தது. பக்தர்களின் நலன், கோயிலின் வருமானம், நடைபாதைக்கு இடைஞ்சல் என்று மூன்று பத்தி. "மேற்படி கடையின் முகப்பில் கடந்த பதினான்கு ஆண்டுகளாக மூன்றாம் நபர் ஒருவர் அனுமதியின்றிக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில் நடத்தி வருகிறார்" என்று எழுதினேன். பதினான்கு ஆண்டு என்று அவன்தான் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருந்தான்.

என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நடவடிக்கை எடுக்கப்பட்ட காகிதத்தை நான் பார்த்ததில்லை. பத்தொன்பது நாள். இருபதாவது நாள் பேனாவுக்கு மை வாங்குகிற சாக்கில் போனேன். கண்ணாடிப் பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில், செவ்வகமாக, வெளுத்திருந்தது.

நோட்டுக் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மை பாட்டிலை எடுத்து வைத்தார்.

"எங்கே, இங்க இருந்த ஆளைக் காணும்?" என்றேன்.

"நோட்டீஸ் வந்துட்டு சார். அவன அனுப்பலைன்னா என் கடைய பூட்டிருவோம்னு சொல்லிட்டாவ. எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு. சாயங்காலமே எந்திரின்னுட்டேன்." பிறகு நிமிர்ந்தார். "மனு எழுதின கை நல்ல கையாம் சார். ஆபீஸ்ல கிளார்க்கு படிச்சுக் காட்டினாரு. ஒரு அடித்தல் திருத்தல் இல்லையாம்."

மைக்குச் சில்லறை கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கடிகாரம் நாலு மணிக்கு நின்றிருந்தது.

வேறு யாரிடமும் அதைக் காட்டவில்லை. மவுண்ட் ரோட்டில் பெரிய பெரிய கடைகள் இருந்தன. போனால் அவர்களும் அதையே சொல்லிவிடுவார்கள், அவர்கள் மேல் போட என்னிடம் மனு இல்லை. தினமும் காலையில் ரேடியோ வைத்து நேரம் திருத்தி, தேதி திருத்தி, கட்டிக்கொண்டு ஈஸி சேரில் உட்கார்ந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து. மனைவி சமையலறையில் இருப்பாள்; சுவர்க் கடிகாரம் கூடத்தில். ஓடி ஓடி வந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று என் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஸ்டீல் பட்டை அவளுக்குப் பெரிது. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள். அரைக்கிறபோதும் பெருக்குகிறபோதும் கழற்றவில்லை. குளிக்கிறபோது மட்டும் கழற்றினாளாம்; நான் சொல்லியிருக்கிறேனாம்.

கட்டுப் பிரித்த பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மருந்து விட்டுவிட்டு, "ஏன்னா, இது நின்னு போறதுன்னுதானே சொன்னேள்?" என்றாள்.

"ஆமாம்."

"நான் கட்டிண்டதுலேர்ந்து நிக்கவே இல்லையே. ரேடியோவோட பாத்தேன், ரெண்டு நிமிஷம் முன்னாடி போறது, அவ்வளவுதான். இதுக்கா அந்த மனுஷனை அடிச்சு வெரட்டினேள்?"

மனு எழுதியது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யார் சொன்னா?"

"நோட்டுக் கடையில சொன்னா. குளத்தங்கரையில எல்லாரும் சொன்னா. நீங்க ஒருத்தர்தான் சொல்லலை." துணியால் என் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்தாள். "ஓடற கையில கட்டினா ஓடறது. இதுல என்ன கண்டுபிடிப்பு வேண்டிக் கெடக்கு?" என்று சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறது என்று போனாள். முப்பது வருஷமாக அந்தக் கை நிற்காமலிருந்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஜப்பான் யந்திரம். நான் பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லை என்பதை அதன் மூலமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கண் தெளிந்ததும் நான் முதலில் எழுதியது மனுவைத் திரும்பப் பெறும் மனு. அதற்கும் பதில் வந்தது. நான்கே வரி. நிபந்தனை மீறல் நடந்திருப்பது நேர் ஆய்வில் உறுதியாகிவிட்டபடியால், மனுதாரர் தமது மனுவைத் திரும்பப் பெறுவதன் காரணமாக அம்மீறல் இல்லையென்று ஆகிவிடாது, கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல. இரண்டு தரம் படித்தேன். அதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சர்வீஸில் இதே வாசகத்தை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! அவர்கள் அதைப் படித்தபோது என்ன முகம் வைத்துக்கொண்டார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது கண்ணாடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவன் தி. நகரில் இருப்பதாக நோட்டுக் கடைக்காரர்தான் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். பாண்டி பஜாரில், நடைபாதையில், ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பூதக்கண்ணாடி நெற்றியில் இல்லை. பெட்டிமேல் பிளாஸ்டிக் பட்டைகளும் பட்டன் அளவு பேட்டரிகளும். நடைபாதையில் கடிகாரத்தைத் திறந்தால் தூசு விழும், பேட்டரி மட்டும்தான் மாற்ற முடியும் என்று யாரோ ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கைக்குட்டை, இன்னொரு பக்கம் வளையல். நடுவில் அவனுக்குக் கிடைத்தது இரண்டடிகூட இருக்காது.

நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் மணிக்கட்டைப் பார்த்தான்.

"அட, நம்ம வாட்ச்சு! ஓடுதா சார்?"

"ஓடறது."

"யாரு பாத்தாங்க?"

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் கடிகாரத்தின் உண்மை, பிறகு மனு, பிறகு வருத்தம். மூன்று பத்தி. வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

"மவுண்ட் ரோட்டுல ஒருத்தர்."

"இன்னா ஃபால்ட்டுனாரு?"

"ஸ்பிரிங்."

அவன் ஒரு வினாடி என்னைப் பார்த்தான். "ஸ்பிரிங்கா? நா பாக்க சொல்லோ நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். பிறகு, "இருக்கும் சார். நமக்கு தப்பிருக்கும்" என்றான். பதினான்கு வருஷத்தில் அவன் தன் வேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

கிளம்பப் போனேன். "சார், ஒரு நிமிசம்" என்றான். "உங்க மனுதான்னு தெரியும். நோட்டுக் கட அண்ணாச்சி சொல்லிட்டாரு. அத்த வுடுங்க. இங்க பிளாட்பாரத்துல இருக்கறவங்களுக்கு எடம் குடுக்கப் போறாங்களாம். பேரு எழுதிக்கினு கீறாங்க. நானும் ரெண்டு தபா குடுத்தேன், ஒண்ணும் நடக்கல. உங்க பேப்பருக்கு பவர் கீது சார். பத்தொம்பது நாள்ல என்னிய தூக்கிச்சே! எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

பக்கத்துக் கைக்குட்டைக்காரன் சிரித்தான். "நைனா, உன்னிய காலி பண்ண ஆளாண்டயே எடம் கேக்கறியே!"

"அவருக்குத்தாண்டா வழி தெரியும்" என்றான் இவன். கிண்டலா என்று பார்த்தேன். இல்லை.

எழுதினேன். சர்வீஸில்கூட அப்படி எழுதியதில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று பிரதி, ஒப்புகை அட்டை, முப்பது நாளுக்கு ஒரு நினைவூட்டு. தி. நகருக்கும் மயிலாப்பூருக்குமாக நடையாய் நடந்தேன். கையெழுத்து வாங்க, புகைப்படம் வாங்க, ரேஷன் அட்டை நகல் வாங்க. நாலாவது நினைவூட்டுக்குப் பதில் வந்தது: விண்ணப்பதாரர் மேற்படி தொழிலை இந்நகரில் குறைந்தது பத்து ஆண்டுகளாகச் செய்துவருவதற்கான ஆவணச் சான்று இணைக்கப்பட வேண்டும்.

அவனிடம் எந்தச் சான்றும் இல்லை. உரிமம் இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை, கடைக்குப் பெயர்கூட இல்லை. நோட்டுக் கடைக்காரரிடம் ஒரு கடிதம் கேட்டேன். "உள்வாடகைக்கு விட்டேன்னு நானே எழுதித் தரணுமா சார்? ஒருதரம் பட்டது போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவன் பதினான்கு ஆண்டுகள் கடிகாரம் பழுதுபார்த்தான் என்று சொல்கிற, முத்திரையும் வரவு எண்ணும் உள்ள காகிதம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்னுடைய புகார். அதன் அலுவலக நகலை வாங்கி, உண்மை நகல் என்று சான்றளிக்க வைத்து இணைத்தேன். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. இணைப்பில் கண்ட ஆவணத்தைப் பரிசீலித்ததில் விண்ணப்பதாரர் ஏற்கெனவே பதினான்கு ஆண்டுகள் பிறர் இடத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தி, அதன் பேரில் அப்புறப்படுத்தப்பட்டவர் என்று தெரியவருவதால், அன்னாரது கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கீழே ஒரு வரி: இதன் மீது இனி மனு ஏதும் ஏற்கப்படமாட்டாது.

பாண்டி பஜாருக்குப் போனேன். சித்திரை வெயில். அவன் ஒரு குழந்தையின் கடிகாரத்துக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தான். என் கையில் இருந்த பழுப்பு உறையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துருச்சா சார்? இன்னா போட்டுக்கீது?"

உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"பரிசீலனையில இருக்கு" என்றேன்.

"அப்டினா நல்லதுதான சார்?"

"நல்லதுதான்."

"பாத்தியா?" என்று கைக்குட்டைக்காரனிடம் திரும்பினான். "சொன்னேன்ல, சாரு எழுதினா நடக்கும்னு." பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி, தான் உட்கார்ந்திருந்த சாக்கை என் பக்கம் தள்ளினான். "வெயில்ல நிக்காதீங்க சார். குந்துங்க. டீ சொல்றேன்."

உட்கார்ந்தேன். டீயையும் குடித்தேன்.